செய்திக்குக் கீழே எழுதப்படுபவை: ஒரு மட்டுறுத்துநரின் அனுபவம்

சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இயங்கிய உள்ளூர்ச் செய்தி இணையதளம் ஒன்றில், 2017 முதல் 2024 வரை வாசகர் கருத்துகளை மட்டுறுத்தும் வேலை பார்த்தேன். செய்திக்குக் கீழே வாசகர் எழுதும் ஒவ்வொரு வரியும் முதலில் என் திரைக்கு வரும்; அதை வெளியிடலாம், நிறுத்தி வைக்கலாம், நிராகரிக்கலாம். சாதாரண நாளில் 400, 500 கருத்துகள் வரும். மேட்டூர் அணை நிரம்பும் நாளிலும் தேர்தல் முடிவு வரும் நாளிலும் அது 2000-ஐத் தாண்டும். பகலில் நான், இரவில் கன்னங்குறிச்சியில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு தங்கை என இருவர்தான் இருந்தோம். இந்த வேலைக்கு வர விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி நான் தவறு செய்து கற்றுக்கொண்டது.

சேர்ந்த முதல் வாரம் என்னிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்தார்கள். வசைச் சொற்கள் முந்நூறுக்கும் மேல் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று இருந்தாலும் கருத்து தானாக நின்றுவிடும். விட்டுப்போன சொற்களைக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவதுதான் என் வேலை என்று ஏறத்தாழ ஓராண்டு நம்பியிருந்தேன். தமிழில் அந்த முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. நம் மொழியில் சொல் தனியாக நிற்பதில்லை. உருபும் விகுதியும் அதனுடன் ஒட்டி, அடுத்த சொல்லோடு புணர்ந்து வருகிறது. முழுச் சொல்லாகத் தேடினால் எதுவும் அகப்படாது, சொல்லின் ஒரு துண்டைத் தேடினால் வேண்டாதவை எல்லாம் அகப்படும். ‘எருமை’ என்பதைப் பேச்சில் ‘எரும’ என்று திட்டுவதால் எனக்கு முன்பு இருந்தவர் அந்த மூன்றெழுத்தைப் பட்டியலில் சேர்த்திருந்தார். குப்பைக் கிடங்கின் புகையைப் பற்றிய ஒரு செய்திக்கு எருமாபாளையத்து மக்கள் எழுதிய புகார்கள் அத்தனையும், ஊர்ப்பெயரிலேயே அந்த மூன்றெழுத்து இருப்பதால், வசை என்ற கணக்கில் மூன்று நாள் முடங்கிக் கிடந்தன. ஏற்காட்டில் பேய்மழை பெய்து மண் சரிந்த அன்று, எந்த வளைவில் பாதை அடைபட்டிருக்கிறது என்று சொல்ல வந்தவர்களின் கருத்துகள் ‘பேய்’ என்ற சொல்லுக்காக நின்றன. தெருநாய்த் தொல்லை பற்றிய செய்திகளின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

திட்ட வந்தவர்களுக்கோ அந்தப் பட்டியல் ஒரு தடையே அல்ல. எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பார்கள், துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ போடுவார்கள், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். அதில் ஒரே சொல்லுக்குப் பத்து விதமாக எழுத்துக் கூட்டலாம். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. ‘கொ’, ‘போ’ போன்ற உயிர்மெய்களின் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் பதியலாம், முன்னே கொம்பு, பின்னே கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாத நிரலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். எங்கள் நிரல் அப்படி மாற்றாததால், பட்டியலில் இருந்த சொற்களே பட்டியலைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பல மாதம் ஆயிற்று. நீங்கள் முதல் நாளே உங்கள் தொழில்நுட்பக்காரரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். சொற்பட்டியலை வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அது ஒரு கருத்தை நிறுத்தி வைக்க மட்டுமே பயன்பட வேண்டும். நிராகரிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது.

என் வேலையைப் பற்றிய என் எண்ணம் முழுவதும் மாறியது 2019-இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. விடுமுறை நாளில் சேலத்து இளைஞர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போவதும், இறங்கும்போது விபத்து நேர்வதும் எங்களுக்குப் பழகிப்போன செய்தி. அன்றும் அப்படி ஒரு விபத்தில் ஓர் இளைஞர் இறந்துவிட்டார். எங்கள் செய்தி ஐந்தே வரி: பெயர், வயது, ஊர், விபத்து நடந்த வளைவு, காவல்துறை விசாரணை. அதன் கீழே ஒருவர், “ஹெல்மெட் போடாமல் பறந்தால் இப்படித்தான் ஆகும், பெற்றோர் கண்டித்து வளர்க்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். அதில் வசை இல்லை, சொல்வதும் நியாயம்போலத்தான் பட்டது. பத்து நொடிகூட யோசிக்காமல் வெளியிட்டேன். இரவுக்குள் ஏராளமானோர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள், ஒத்து ஊதி வேறு சிலர் எழுதியிருந்தார்கள்; அவற்றையும் வெளியிட்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அலுவலகத் தொலைபேசியில் அந்த இளைஞரின் தந்தை அழைத்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “சார், என் பையன் ஹெல்மெட் போட்டிருந்தானுங்க. ஆஸ்பத்திரியில அதை என் கையிலதான் குடுத்தாங்க. அதை மட்டும் போட்டுருங்க சார்” என்றார். நான் பதறிப்போய், இப்போதே அந்தக் கருத்தை நீக்கிவிடுகிறேன் ஐயா என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “நீங்க எடுத்தா ஆச்சுங்களா, படிச்சவங்க படிச்சதுதானுங்களே” என்றார். துக்கத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வந்து அவரிடமே கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் செய்தியை நான் மறுபடி படித்தேன். தலைக்கவசத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. போட்டிருந்தார் என்றும் இல்லை, போடவில்லை என்றும் இல்லை. கருத்து எழுதியவர் தானாக ஊகித்ததை உண்மைபோல் எழுத, அதன்மேல் அறிவுரை வர, அறிவுரையின்மேல் பெற்றோர் மீதான பழி வந்து, நான்கு மணி நேரத்தில் அது எங்கள் தளத்தின் பெயரில் ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. என் சொற்பட்டியல் ஆயிரம் சொல்லாக வளர்ந்திருந்தாலும் அந்தக் கருத்தைத் தடுத்திருக்காது. காவல் நிலையத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டு, செய்தியிலேயே ஒரு வரி சேர்த்தோம்: விபத்தின்போது அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், இதற்கு மாறாக இங்கே வெளியான வாசகர் கருத்துகள் நீக்கப்பட்டன என்று, தேதியும் நேரமும் குறித்து. சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் நம் பக்கம் சுத்தமாகிவிடும், ஆனால் பொய்யைப் படித்தவர்களிடம் அது அப்படியே இருக்கும். தவறு நடந்த இடத்திலேயே சரியானதைப் போடுவதைத்தான் அந்தத் தந்தை கேட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கருத்தையும் படிக்கும்போது, செய்தியில் உள்ள மனிதரைப் பற்றி, செய்தியில் இல்லாத எதையாவது இது சொல்கிறதா என்று முதலில் பார்க்கத் தொடங்கினேன். சொன்னால், அது எவ்வளவு மரியாதையான மொழியில் இருந்தாலும் நிறுத்தி வைத்தேன். இதற்கு ஒரே வழி, கருத்துகளைத் திறக்கும் முன் செய்தியை முழுதாகப் படிப்பது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் வரிசையில் 200 கருத்துகள் நிற்கும்போது எவரும் செய்ய விரும்பாத வேலை இதுதான். பெருநகரத்துப் பெரிய தளங்களில் செய்தியில் வருபவர் பெரும்பாலும் யாரோ ஒருவர். உள்ளூர்த் தளத்தில் அவருடைய அக்காவும் மாமாவும் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்த பின்புதான், அதுவரை என் கண்ணில் படாத ஒரு வகைக் கருத்து தெரியத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில், ‘காதல் ஜோடி காவல் நிலையத்தில் தஞ்சம்’ என்ற தலைப்பில் மாதம் நான்கைந்து செய்தி வரும். ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி என்று ஊர் மட்டும் மாறும். மாலையும் கழுத்துமாக இருவர் நிற்கும் படம் மாறாது. அதன் கீழே ஒருவர் மிகப் பணிவாக எழுதுவார்: “பையன் என்ன ஆளுங்க?” மூன்றே சொல். எந்தச் சட்டமும் தடை செய்யாத, எந்தப் பட்டியலிலும் இல்லாத சொற்கள். நம் ஊர்ப் பக்கம் ‘ஆள்’ என்றால் சாதி என்பது நமக்குத் தெரியும். அடுத்தவர் இன்னும் சுற்றி வளைத்து, “பொண்ணு வீட்டுக்குக் குலதெய்வம் எதுங்க?” என்பார். கேள்வி வெளியானால் பதில் வந்தே தீரும். பதிலுடன் தந்தையின் தொழில், தெரு, மாமன் வீடு இருக்கும் ஊர் எல்லாம் வரும். உயிருக்குப் பயந்து காவல் நிலையத்துக்கு வந்த இருவர் எங்கே தங்கக்கூடும் என்ற தகவலை, எங்கள் பக்கமே சேகரித்துக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் பதிலை நிறுத்தலாம் என்று சில வாரம் முயன்று பார்த்தோம். பதில்கள் வேறு செய்திகளின் கீழே போய் விழுந்தன. ஆகவே கேள்வியையே நிறுத்தினோம். 2020-க்குப் பிறகு இத்தகைய செய்திகளுக்குக் கருத்துப் பகுதியையே திறப்பதில்லை. வாசகர் எண்ணிக்கை குறையும் என்று எங்கள் நிர்வாகத்தில் எதிர்ப்பு இருந்தது. குறையவும் செய்தது. நான் அந்த முடிவுக்காக வாதாடியதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் செய்திகளில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் தரும் எதையும் ஊடகம் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. பெரியவர்களாக இருந்தால் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு இருக்கிறது. நிருபர் இதை அறிந்து கவனமாக எழுதியிருப்பார், வாசகர் இரக்கத்தால் உடைத்துவிடுவார். “பாவம், எங்கள் தெருப் பிள்ளை, தறிப் பட்டறைக்குப் பின்வீடு” என்று ஒருவர் எழுதியதை அந்தத் தங்கை கடைசி நொடியில் நிறுத்தினார். எழுதியவரின் நோக்கம் நல்லது. உண்மையைத்தான் எழுதினார். ஆயினும் அந்த ஒரு வரி போதும், அந்தப் பிள்ளை அந்தத் தெருவில் இனித் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போவதற்கு.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மனிதரைப் பற்றிய தகவலில் காட்டிய கண்டிப்பை, விஷயத்தைப் பற்றிய தகவலிலும் காட்டினால் பெரும் இழப்பு நேரும். ஒருமுறை எங்கள் செய்தியில், மேட்டூர் அணையில் 120 டி.எம்.சி. நீர் நிரம்பியது என்று தவறாகப் போய்விட்டது. மேட்டூர்க்காரர் ஒருவர், “செய்தி எழுதினவனுக்கு அறிவிருக்கா? 120 என்பது அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதுகூடத் தெரியாமல் எதற்குக் கடை விரிக்கிறீர்கள்?” என்று எழுதினார். கோபத்தைப் பார்த்து நிறுத்தி வைத்த கருத்து அது. அவர் சொன்னது முழுக்கச் சரி, எங்கள் செய்தி முழுக்கத் தவறு. அரை நாள் அந்தத் தவறு பக்கத்தில் நின்றதற்கு என் கைதான் காரணம். நம்மைத் திட்டும் கருத்து, குறிப்பாக எண்ணுடனும் ஊர்ப்பெயருடனும் திட்டும் கருத்து, முதலில் ஆசிரியர் மேசைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு தனிப் பொத்தானையே பிறகு செய்து வாங்கிக்கொண்டேன். ஜவ்வரிசி விலை, கொலுசுப் பட்டறைக் கூலி, மரவள்ளி நோய் ஆகியவற்றைப் பற்றி எங்கள் நிருபர்களைவிட வாசகர்களுக்கு அதிகம் தெரியும். அவர்கள் மொழி கரடுமுரடாகத்தான் இருக்கும்.

கூட்டமாக வரும் கருத்துகளைப் பற்றியும் ஒரு சொல். 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை, 277 கிலோமீட்டர், பெரிய விவகாரமாக இருந்த மாதங்களில் இரு தரப்பிலும் கருத்துகள் குவிந்தன. நிலம் போகும் விவசாயியின் கருத்தும், சாலை வந்தால் நல்லது என்று நினைக்கும் வணிகரின் கருத்தும் வெளிவர வேண்டியவை; ஆனால் நடுவே நூற்றுக்கணக்கான பெயர்களில் ஒரே கை எழுதியவையும் இருந்தன. அவற்றைப் பிடித்துக் கொடுத்தது ஓர் எழுத்துப்பிழை. ‘வளர்ச்சி’ என்பதை எல்லாரும் ‘வளற்ச்சி’ என்றே எழுதியிருந்தார்கள். கருத்தின் தரப்பைப் பார்க்காமல் பிழையைப் பாருங்கள். ஒரே பிழை பத்துப் பெயரில் வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தலாம், எந்தக் கட்சிக்காரரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இயந்திரத்திடம் இந்த வேலையை விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியூயார்க் டைம்ஸ் 14 மட்டுறுத்துநர்களை வைத்து நாளொன்றுக்கு 11,000 கருத்துகளைப் பார்த்து வந்தது. 2017-இல் கூகுளின் சகோதர நிறுவனமான ஜிக்சாவின், கருத்துகளின் நச்சுத்தன்மையை மதிப்பிடும் கருவியைத் துணைக்கு எடுத்து, கூடுதல் செய்திகளுக்குக் கருத்துப் பகுதியைத் திறந்தது. அந்தக் கருவியை நாங்களும் விசாரித்தோம். அது கற்ற மொழிகளில் தமிழ் இல்லை. கற்றிருந்தாலும் ‘என்ன ஆளுங்க’ என்பதில் அது என்ன நஞ்சைக் கண்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கவர்ந்தது வேறொரு முயற்சி. அதே 2017-இல் நார்வே நாட்டு அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளமான என்ஆர்கேபீட்டா, செய்தியிலிருந்தே மூன்று சிறு கேள்விகள் கேட்டு, சரியாக விடை சொன்னவர்களை மட்டும் கருத்து எழுத விட்டது. செய்தியைப் படித்தவர் எழுதட்டும் என்பதுதான் எண்ணம். எங்களிடம் அதற்கான வசதி இல்லை. அதனால் கருத்துப் பெட்டிக்கு மேலே, “இறந்தவரின் குடும்பத்தினர் இதைப் படிப்பார்கள்” என்ற ஒரு வரியை விபத்துச் செய்திகளுக்கு மட்டும் வைத்தோம். அறிவுரைக் கருத்துகள் கண்கூடாகக் குறைந்தன.

நிராகரிக்கும்போது காரணம் சொல்லுங்கள். “உங்கள் கருத்தில் இறந்தவரைப் பற்றிச் செய்தியில் இல்லாத தகவல் இருக்கிறது, அதை நீக்கி அனுப்பினால் வெளியிடுகிறோம்” என்று இரண்டு வரி போதும். பலர் திருத்தி அனுப்பினார்கள். ஆனால் அவர்களுக்காக நாமே திருத்தக் கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கருத்தில் கடுமையான ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வெளியிட்டேன். வாக்கியத்தின் பொருளே சாய்ந்துவிட்டது. “வேண்டாமென்றால் போடாதீங்க தம்பி, என் பெயரில் நீங்கள் எழுதாதீங்க” என்று அவர் எழுதினார். அதற்குப் பிறகு ஓர் ஒற்றெழுத்தைக்கூட நான் மாற்றியதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பிரிவைக் காட்டி எங்களை மிரட்டிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு, பயப்பட வேண்டாம். நான் வேலை பார்த்த காலத்தில், அதே சட்டத்தின் 2021 விதிகளின்படி வாசகர் புகார் வந்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. எஸ்தோனியாவின் டெல்ஃபி என்ற செய்தித் தளத்தின் வழக்கை இத்தொழிலில் இருப்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 2006-இல் ஒரு படகு நிறுவனத்தைப் பற்றிய செய்திக்கு 185 கருத்துகள் வந்தன, அவற்றில் சுமார் 20 மிரட்டலும் இழிவுமாக இருந்தன. அந்தத் தளத்தில் வசைச்சொல் வடிகட்டியும் இருந்தது, புகார் செய்யும் பொத்தானும் இருந்தது. ஆறு வாரத்துக்குப் பின் படகு நிறுவனத் தரப்பு கேட்டபோது, அன்றே நீக்கவும் செய்தார்கள். ஆயினும் தளமே பொறுப்பு என்ற தீர்ப்பை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் ஆயம் 2015 ஜூன் 16 அன்று உறுதி செய்தது. இழப்பீடு 320 யூரோதான். நம் நாட்டுச் சட்டம் வேறு, அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. எங்கள் சொற்பட்டியலை நம்பி நான் இருந்த நாட்களை நினைத்துக்கொண்டேதான் அதைப் படித்தேன்.

கடைசியாக, பார்ப்பவரின் உடம்பும் மனமும். மரணச் செய்திகளின் கருத்துகளைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பார்த்தால், எதைப் படித்தாலும் மரத்துப்போய் விரல் தானாக வெளியிடத் தொடங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே நடுவே மேட்டூர் நீர்மட்டம், மாம்பழ விலை என்று வேறு வரிசைக்கு மாறிக்கொள்வோம். சந்தேகத்துக்குரிய கருத்துகளையும் நாங்கள் எடுத்த முடிவையும் தேதி போட்டு ஒரு கோடிட்ட நோட்டில் எழுதி வந்தோம். அதே போன்ற கருத்து ஆறு மாதம் கழித்து வரும்போது அன்று என்ன செய்தோம் என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்ற பேச்சும் எழவில்லை. நான் வேலையை விட்டபோது அந்த நோட்டுகள் ஐந்தாக இருந்தன, அவற்றை அந்தத் தங்கையிடம் கொடுத்தேன். ஏற்காட்டு மலைப்பாதையில் விபத்து என்று செய்தி வந்தால் அவர் இப்போதும் இரவு 11 மணிக்குக் கருத்துப் பகுதியை மூடிவிட்டு, காலையில் காவல் நிலையத்தைக் கேட்ட பிறகுதான் திறக்கிறார்.